டெபிட் என்றால் கடன் இல்லை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. எங்கள் குழுவில் நான் கணக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான். படிப்பு பத்தாவது. அதிலும் இங்கிலீஷில் 38 மார்க். 35 வாங்கினால் பாஸ், மூணு மார்க் கூட வாங்கியிருக்கேன்னு எங்க அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தார். அந்த 38 மார்க்கை வைச்சுக்கிட்டு நான் இங்கிலீஷ் வார்த்தைகளைப் பற்றிப் பேசப்போறேன். டீச்சர்கள் யாராவது இருந்தால் மன்னிச்சுக்குங்க.

நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் 1989-இல் சுய உதவிக் குழுக்களை முதலில் ஆரம்பிச்சாங்க. அப்போ கைநாட்டு வைச்சிட்டிருந்த நம்ம அம்மாமார்கள் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க. அது அந்தக் காலத்துக்குப் போதுமானதா இருந்தது. இப்போ கையெழுத்து மட்டும் போதலை. போன் 'டிங்'னு சத்தம் போடுது, எடுத்துப் பார்த்தா முழுக்க இங்கிலீஷ். பணம் நம்ம பணம், வந்ததா போனதான்னு சொல்ற பாஷை நம்ம பாஷை இல்லை. நம்மில் பாதிப் பேர் என்ன செய்றோம்? அந்த மெசேஜை யாரிடமாவது காட்டிக் கேட்கிறோம். எங்கள் தெருவில் அந்த யாராவது, நான்தான்.

இப்போ நான் செஞ்ச தப்பைச் சொல்றேன். சம்பந்தப்பட்ட அக்கா இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்காங்க. பேர் சொல்லமாட்டேன். அவங்ககிட்டே கேட்டுட்டுத்தான் மேடை ஏறினேன். "சொல்லு, ஆனா என்னை நல்லவளாக்கிச் சொல்லாதே, எனக்கு உன் மேல கோவம் இருந்ததையும் சேர்த்துச் சொல்லு"ன்னாங்க.

2023-ஆம் வருஷம் மே மாதக் கடைசி. அந்த அக்கா அவங்க வீட்டுக்காரர் போனை எடுத்துக்கிட்டு வந்தாங்க. அண்ணன் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். போனில் இரண்டு மெசேஜ். ஒன்றில் 436 ரூபாய், இன்னொன்றில் 20 ரூபாய். இரண்டிலும் டி, ஈ, பி-ன்னு ஆரம்பிக்கிற ஒரு வார்த்தை. அந்த வாரம்தான் என் மகளுக்கு வார்த்தை மனப்பாடம் பண்ண வைச்சிட்டிருந்தேன். அவள் புத்தகத்தில் டி, ஈ, பி, டி என்று ஒரு வார்த்தை, அர்த்தம் கடன். எனக்கு அது நல்லா ஞாபகம் இருந்தது. மெசேஜில் இருந்ததில் எழுத்து கொஞ்சம் கூட இருந்தது, அதை நான் கவனிக்கலை. முதல் மூணு எழுத்தைப் பார்த்ததும் தெரிஞ்ச முகமாச்சேன்னு நினைச்சிட்டேன்.

"அக்கா, உங்க பேர்ல கடன் எழுதியிருக்காங்க"ன்னு சொன்னேன்.

அவங்க முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். கடன்னா நமக்குத் தெரியாதா? வாரக் கடன்காரன் வாசல்ல வந்து உட்கார்ந்ததைப் பார்த்தவங்க நாம. கேட்காத கடனுக்கு 456 ரூபாய் பிடிச்சிட்டாங்கன்னு அண்ணனுக்கு ஒரே ஆத்திரம். மறுநாளே வங்கிக்குப் போனோம், நானும் கூடப் போனேன். வெள்ளைத்தாளில் நானே எழுதினேன்: "எனக்குத் தெரியாமல் என் கணக்கில் பிடிக்கும் தொகைகளை இனிமேல் பிடிக்க வேண்டாம்." அண்ணன் கையெழுத்துப் போட்டார். கவுண்டரில் கூட்டம். அங்கே இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஸ்கீம் வேண்டாமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டார். "எந்த ஸ்கீமும் வேண்டாம் சார்"னு அண்ணன் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

2024 நவம்பரில் அண்ணன் இறந்துட்டார். மார்க்கெட்டிலேயே நெஞ்சு வலின்னு உட்கார்ந்தவர் எந்திரிக்கலை. வயசு 48.

காரியமெல்லாம் முடிஞ்சு இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே, "436 ரூபாய் பிடிச்ச இன்சூரன்ஸ் இருந்திருக்கே"ன்னார். எங்களுக்கு ஒண்ணும் புரியலை. "2024 மே 31 வரைக்கும் இருந்திருக்கு. அதுக்கப்புறம் இல்லை. வேண்டாம்னு நீங்கதானே லெட்டர் கொடுத்திருக்கீங்க"ன்னு ஒரு ஃபைலை எடுத்துத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து. 'கணக்கில்' என்பதில் ண போட்டு மேலே கொம்பு தப்பா வளைச்சு எழுதுவேன், அதே கொம்பு.

அந்த 436 ரூபாய்தான் பிரதமர் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தின் வருஷ பிரீமியம். எப்படி இறந்தாலும் வாரிசுக்கு இரண்டு லட்சம் கிடைக்கும். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, சுரக்ஷா பீமா. டெபிட் என்று வந்தது கடன் இல்லை, அண்ணன் கணக்கிலிருந்து அந்தப் பணம் எடுக்கப்பட்டிருக்கு என்ற தகவல் மட்டும்தான்.

வரும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்காரலை. முன்சீட்டில் போய் உட்கார்ந்தாங்க. நாலு மாசம் என்கிட்டே பேசலை. குழுக் கூட்டத்துக்கு வருவாங்க, சேமிப்புப் பணத்தை என் கையில் கொடுக்காம பாயில் வைப்பாங்க. நான் எடுத்து எழுதிக்குவேன். அது நியாயம்தான், நான் குறை சொல்லலை.

அதுக்கப்புறம்தான் நான் என் மகளோட இங்கிலீஷ் டீச்சர் வீட்டுக்குப் போய், அந்த இரண்டு வார்த்தையையும் தாளில் எழுதிக் காட்டி, இது எது, அது எதுன்னு கேட்டேன்.

முதல் விஷயம், கடன் என்கிற வார்த்தையை நான் 'டெப்ட்'னு சொல்லிட்டிருந்தேன். அப்படிச் சொல்லக்கூடாதாம். 'டெட்'. நடுவில் இருக்கிற பி எழுதத்தான், வாய்க்கு வராது. பணம் எடுத்ததைச் சொல்ற வார்த்தை 'டெபிட்', அதில் பி நல்லா சத்தமா கேட்கும். ஆக, காதால் கேட்டால் டெட், டெபிட் இரண்டும் வேற வேற. கண்ணால் பார்த்தால்தான் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு. நான் காதை நம்பாம கண்ணை நம்பி ஏமாந்தேன்.

சத்தம் வராத எழுத்தை எதுக்குங்க டீச்சர் வைச்சிருக்காங்கன்னு கேட்டேன். அவங்க சொன்ன பதில் எனக்குப் பிடிச்சிருந்தது. ரொம்ப காலத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரங்க பிரெஞ்சிலிருந்து அந்த வார்த்தையை வாங்கும்போது அதில் பி கிடையாதாம். பிற்பாடு வந்த படிச்சவங்க, இது லத்தீன் வீட்டுப் பொண்ணு, அங்கே இதுக்குப் பி உண்டு, ஆகவே எழுத்தில் சேர்த்துடுவோம்னு சேர்த்திருக்காங்க. பேசுற சனங்க கேட்கலை, பழையபடியே 'டெட்'னுட்டாங்க. டெபிட்டும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். ஒரு தாய் பிள்ளைகள். முகச்சாடை இருக்கத்தானே செய்யும். நம்ம ஊரில் அக்காவைப் பார்த்துத் தங்கச்சின்னு கூப்பிடுறதில்லையா, அப்படி நான் கூப்பிட்டுட்டேன். ஆனா அங்கே இரண்டு லட்சம் போகாது.

தமிழில் டெபிட்டுக்குப் பற்று, கிரெடிட்டுக்கு வரவு. கணக்கு எழுதுற எனக்கு இரண்டும் தெரிஞ்ச வார்த்தைகள். தமிழில் தெரிஞ்சதை இங்கிலீஷில் பார்த்ததும் தெரியாமப் போச்சு.

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கு, தயவு செஞ்சு கவனிங்க. போனில் 'கிரெடிட்டட்'னு வந்தால் உங்க கணக்குக்குப் பணம் வந்திருக்கு, சந்தோஷம். ஆனால் 'கிரெடிட் கார்டு'ன்னா கடன் அட்டை, செலவு பண்ணிட்டு அப்புறம் கட்டணும். 'டெபிட் கார்டு'ன்னா நம்ம கணக்கில் இருக்கிற நம்ம சொந்தப் பணத்தை எடுக்கிற அட்டை, நாம ஏ.டி.எம். கார்டுன்னு சொல்றது. அதாவது மெசேஜில் நல்லதா இருக்கிற கிரெடிட், அட்டையில் கடனாகுது. மெசேஜில் பயமுறுத்துற டெபிட், அட்டையில் நம்ம காசாகுது. நாமே 'கிரெடிட் லிங்கேஜ் வந்திருச்சா'ன்னு கேட்கிறோமே, அது வங்கிக் கடன்தானே! இத்தனை வருஷம் வாயில் சொல்லிட்டிருந்தும் எனக்கு இது உறைக்கலை. கிரெடிட்னா அடியில் இருக்கிற அர்த்தம் நம்பிக்கையாம். நம்மை நம்பிக் கொடுப்பதால் கடனுக்கும் அந்தப் பேர் வந்தது என்றார் டீச்சர்.

கிரெடிட்டட் என்று மெசேஜ் வந்து, கூடவே ஒரு லிங்கை அமுக்குங்க, பின் நம்பர் போடுங்கன்னு வந்தால் அது வரவே இல்லைன்னு வைச்சுக்குங்க. பணம் வாங்குறதுக்கு நாம பின் போட வேண்டியதே இல்லை. பின் போட்டா பணம் போகும். எங்கள் குழுவில் ஒருத்தர் இதில் மயிரிழையில் தப்பிச்சாங்க.

அப்புறம் நான் டி, ஈ என்று ஆரம்பிக்கிற வார்த்தைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பிச்சேன். ஒரு பயத்தில்தான் ஆரம்பிச்சேன். எழுத எழுத அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு. வங்கியில் பணம் போடுறது டெபாசிட். 'டிபாசிட்'னு சொல்றதுதான் சரியாம். பிடித்தம் செஞ்சா டிடக்ட். ஏ.டி.எம். திரையில் 'டிக்ளைண்டு'ன்னு வந்தால் மறுத்துட்டாங்கன்னு அர்த்தம், பணம் வராது, மிஷினைத் தட்டாதீங்க. டிலே என்றால் தாமதம். நம்ம கூட்டமைப்பில் டி.சி.பி., டி.சி.பி.ன்னு சொல்றாங்களே, அதில் முதல் டி டிமாண்ட். கடையில் வெங்காயத்துக்கு டிமாண்டுன்னா கிராக்கி. டி.சி.பி.யில் டிமாண்டுன்னா இந்த மாசம் கட்ட வேண்டிய தொகை. அடுத்தது கலெக்‌ஷன், வசூல் ஆனது. கடைசி பேலன்ஸ், நிற்கிற பாக்கி. மூணு வருஷமா அந்தப் படிவத்தை நிரப்பிட்டு, டிமாண்டுன்னா அவங்க நம்மை அதட்டிக் கேட்கிறாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்.

டிஃபால்ட் என்றொரு வார்த்தை. வங்கியில் அது கெட்ட வார்த்தை, தவணை தவறியவர் என்று அர்த்தம். அதே வார்த்தையை என் மகள் போனில் காட்டினாள், எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆச்சு. போனில் டிஃபால்ட் என்றால் நாம மாத்தாதவரைக்கும் ஏற்கெனவே அவங்களே வைச்சுக் கொடுத்திருக்கிற அமைப்பு. ஒண்ணும் பயம் இல்லை. இடம் மாறினால் அர்த்தம் மாறுது.

டெலிவரியும் அப்படித்தான். எங்க தெருப் பாட்டி ஒருத்தர், பேரன் போனில் பார்த்து "டெலிவரி ஆயிடுச்சு"ன்னு கத்தினதும், "பையனா பொண்ணா"ன்னு கேட்டாங்க. வந்தது மிக்சி ஜார்.

இந்த டி, ஈ சில வார்த்தையில் 'டெ'ன்னு வருது, சில வார்த்தையில் 'டி'ன்னு வருது, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு டீச்சரைக் கேட்டேன். இங்கிலீஷில் ஒரு வார்த்தையில் ஏதாவது ஓர் இடத்தில் அழுத்திச் சொல்லணுமாம். முதலிலேயே அழுத்தினால் டெ: டெபிட். அழுத்தம் இரண்டாவது இடத்துக்குப் போனால் முதல் பாகம் சுருங்கி டி ஆயிடும்: டிபாசிட், டிமாண்ட், டிலே, டிடக்ட். சொல்லிப் பாருங்க, தாளம் தட்டுற மாதிரி இருக்கும். எல்லா வார்த்தைக்கும் இது பொருந்தும்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன், நான் எழுதி வைச்ச வார்த்தைகளுக்குப் பொருந்துது.

நோட்டில் எனக்கு மனசு கனமா எழுதின வார்த்தை ஒண்ணு. அண்ணன் கணக்கில் மிச்சம் இருந்த பணத்தை அக்கா பேருக்கு மாத்த ஒரு படிவம் கொடுத்தாங்க. அதில் டிசீஸ்டுன்னு ஒரு கட்டம். எனக்கு டிசீஸ் தெரியும், நோய். என்ன நோய்ன்னு கேட்கிறாங்க போலன்னு பேனாவை வைச்சேன். 'மாரடைப்பு'ன்னு எழுதப்போனேன். அப்புறம் கை நின்னுச்சு. ஒரு தடவை பட்டது போதும்னு எழுந்து போய்க் கேட்டேன். அது இறந்தவர் பெயரை எழுத வேண்டிய கட்டம். இறந்தவர் என்பதற்கும் நோய்ப்பட்டவர் என்பதற்கும் இங்கிலீஷில் எழுத்து வேற, ஆனால் தமிழில் எழுதினால் இரண்டுமே டிசீஸ்டுதான். சொல்லும்போது இறந்தவருக்கு நடுவில் பாம்பு சீறுற 'ஸ்' வரும். நோய்க்குத் தேனீ ரீங்காரம் பண்ற மாதிரி தொண்டை அதிரும் சத்தம். நம்ம தமிழில் அந்தத் தேனீ எழுத்து இல்லை, அதனால் நமக்குக் காதும் பிடிபடுறதில்லை.

இங்கிலீஷ் எழுத்தைக் குறை சொல்றோம், எழுதுறது ஒண்ணு படிக்கிறது ஒண்ணுன்னு. தமிழிலும் 'க' ஒரே எழுத்துதான். கல், பகல், தங்கம் மூணையும் சொல்லிப் பாருங்க, மூணும் வேற சத்தம். நாம பிறந்ததிலிருந்து கேட்டதால் தெரியறதில்லை. இதனால்தான் நமக்கு 'பில்' குழப்பம். மருந்துக் கடையில் கொடுக்கிற ரசீதும் பில், மாத்திரையும் பில். ஒரு துண்டுக் காகிதத்தை வாய்க்கு முன்னாடி பிடிச்சுக்குங்க. மாத்திரையைச் சொன்னால் காற்று 'ப்பூ'ன்னு வந்து காகிதம் ஆடும். ரசீதைச் சொன்னால் காகிதம் அவ்வளவா ஆடாது, தொண்டைதான் அதிரும். குழுக் கூட்டத்தில் பன்னிரண்டு பேரும் காகிதத்தைப் பிடிச்சு ஊதினோம். டீ கொண்டுவந்த பையன் பார்த்து பயந்துட்டான்.

சி, எச் என்று ஆரம்பிக்கிறது இன்னொரு கூத்து. வங்கியில் கொடுக்கிறது செக். வயலுக்கு அடிக்கிறது கெமிக்கல், ரத்தத்தில் கூடுவது கொலஸ்ட்ரால். எழுத்து எல்லாத்துக்கும் சி, எச்-தான். இதுக்கு விதி கேட்டால் டீச்சரே சிரிச்சாங்க, ஒவ்வொண்ணா மனசில் வைச்சுக்கணும்னுட்டாங்க.

ஐ, என் என்று ஆரம்பிப்பதில் ஆபத்தும் இருக்கு. இன்கம், உள்ளே வர்றது, வருமானம். ஆனால் 'இன்வாலிட்'னா செல்லாது. 'இன்ஆக்டிவ்'னா உங்க கணக்கு ரொம்ப நாள் புழங்காம செயலில் இல்லை. 'இன்சஃபிஷியன்ட் பேலன்ஸ்'னா பணம் போதலை. இந்த மூணிலும் இன் என்றால் 'இல்லை'. சரி, விதி கிடைச்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். கேஸ் டேங்கர் லாரி பின்னாடி சிவப்பில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'னு எழுதியிருக்கும், பார்த்திருப்பீங்க. ஃப்ளேம் என்றால் தீச்சுடர். என் விதிப்படி இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது! ஆனால் அதுக்கு அர்த்தம் சட்டுனு தீப்பிடிக்கும். இன் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த வார்த்தை பற்றி எரியத்தான் செய்யும். ஆகவே பாதி வார்த்தையை வைச்சு அர்த்தம் சொல்ற வேலையை நான் விட்டுட்டேன்.

உடம்பு சம்பந்தமா ஒண்ணு சொல்லணும். இது என் வீட்டில் நடந்தது. என் அத்தைக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரை சாப்பிடுறாங்க. போன ஆடியில் ஒருநாள் கோயிலுக்குக் கூழ் ஊத்தப் போறோம்னு காலையில் சாப்பிடாமலே மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டாங்க. மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்தவங்களுக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, என்னை யாருன்னு கேட்கிறாங்க. நான் கிராம செவிலியருக்குப் போன் போட்டேன். "ஹைப்போவா இருக்கும்மா, உடனே சர்க்கரைத் தண்ணி கொடு"ன்னாங்க. நான் என்ன புரிஞ்சுக்கிட்டேன்? ஹைப்பர். சர்க்கரை ஏறிடுச்சு போல, ஏறினதுக்கு எதுக்குச் சர்க்கரைன்னு ஒரு நிமிஷம் டப்பாவைக் கையில் வைச்சுக்கிட்டு நின்னேன். அப்போதான் அந்த 436 ரூபாய் மனசில் வந்தது. "ஏறிடுச்சா இறங்கிடுச்சா, தமிழில் சொல்லுங்க"ன்னு கத்தினேன். "இறங்கிடுச்சு!"ன்னாங்க. மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கலந்து கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அத்தைக்குத் தெளிஞ்சது. தெளிஞ்சதும் முதல் கேள்வி, கூழ் ஊத்தியாச்சான்னு.

ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு. எப்படி ஞாபகம் வைச்சிருக்கேன்னா, ஹைப்போவில் 'போ' இருக்கு, கீழே போச்சு. ஹைப்பர் என்றால் பெருசு. ஹைப்பர்டென்ஷன் ரத்தக் கொதிப்பு. சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் ஹைப்போ. ஆள் நினைவோடு இருந்தால்தான் வாயில் கொடுக்கணும். மயங்கிட்டால் ஒண்ணும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும், 108-க்குக் கூப்பிடுங்க. நம்ம பெண்களில் நிறைய பேருக்குத் தைராய்டு இருக்கே, அதிலும் இரண்டு உண்டு. ஹைப்போ என்றால் சுரப்பு குறைவு. உடம்பு போடும், அசதியா இருக்கும். ஹைப்பர் என்றால் சுரப்பு அதிகம். உடம்பு இளைக்கும், படபடப்பு வரும். மாத்திரை வேற வேற. பக்கத்து வீட்டு அக்கா தைராய்டு மாத்திரையை "எனக்கும் தைராய்டுதான்"னு வாங்கிப் போட்டுக்காதீங்க. உங்க சீட்டில் போவா, பெருசான்னு முதலில் பாருங்க.

இப்போ எங்கள் குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு, கடன் எல்லாம் எழுதி முடிச்ச பிறகு பத்து நிமிஷம் வைச்சிருக்கோம். ஆளுக்கு ஒரு மெசேஜை வாய்விட்டுப் படிக்கணும். தெரியாட்டி எழுத்துக்கூட்டிச் சொல்லணும். யாரும் அர்த்தத்தை ஊகிச்சுச் சொல்லக்கூடாது, தெரியலைன்னா தெரியலைன்னு நோட்டில் எழுதி வைச்சிடணும், அடுத்த கூட்டத்துக்குள் நான் டீச்சரிடமோ வங்கியிலோ கேட்டுட்டு வரணும். இந்த விதியை எனக்காகப் போட்டாங்க. போட்டதே அந்த அக்காதான். நாலு மாசத்துக்குப் பிறகு அவங்க என்கிட்டே பேசின முதல் பேச்சு அது: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

குழுவிலிருந்து அக்காவுக்கு 30,000 ரூபாய் உள்கடன் கொடுத்தோம். தவணை தவறாம கட்டிட்டு வர்றாங்க. இரண்டு லட்சம் இருந்திருந்தால் அந்தக் கடனே வேண்டியிருக்காது, அது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

உங்களுக்கு விவரம் வேணும்னா: ஜீவன் ஜோதியில் 18 வயசிலிருந்து 50 வயசு வரைக்கும் சேரலாம், வங்கிக் கணக்கு இருக்கணும். வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் 436 ரூபாய் எடுப்பாங்க, அந்த நேரம் கணக்கில் பணம் இருக்கணும். புதுசா சேர்ந்தால் முதல் 30 நாள் விபத்து தவிர மற்ற மரணத்துக்குப் பணம் வராது. சுரக்ஷா 20 ரூபாய், 70 வயசு வரைக்கும். வாரிசு பெயர் பதிவாகியிருக்கான்னு கேட்டுக்குங்க. முக்கியமா வீட்டில் ஒருத்தரிடம் சொல்லி வையுங்க, நிறைய வீட்டில் இன்சூரன்ஸ் இருக்கிறதே வீட்டுக்காரிக்குத் தெரியாது.

போன மாசத்துக்கு முந்தின மாசம் அக்கா தன் பேரில், தன் கணக்கில் இரண்டிலும் சேர்ந்தாங்க. பணம் எடுத்த அன்னைக்குச் சாயங்காலம் போனோடு என் வீட்டு வாசலில் வந்து நின்னாங்க. கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, விரலால் தடவித் தடவி அவங்களே படிச்சாங்க. டி, ஈ, பி, ஐ, டி. "டெபிட். 436. என் காசுதான் போயிருக்கு, கடன் இல்லை. சரியா?"ன்னாங்க. சரிக்கான்னேன். "நீ படிச்சுப் பாரு"ன்னு போனை என் கையில் கொடுத்தாங்க. நானும் ஒவ்வொரு எழுத்தா படிச்சேன்.

ஐந்து நிமிஷம்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன், தலைவி அக்கா மணியைப் பார்க்கிறாங்க. அந்த நோட்டை நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்திருக்கேன், வேணுங்கிறவங்க பார்த்து எழுதிக்கலாம். தப்பு இருந்தா பக்கத்தில் பென்சிலில் குறிச்சு வையுங்க.